காட்டுக்குச் சொந்தமான முள்

இன்று காலை ஊருக்கு வெளியே இருக்கும் ஐயனார் கோயில் காட்டுக்குள் நடக்கப் போனேன்.

போன இரண்டு ஞாயிறும் பாதி வழியிலேயே திரும்பியவன் நான். இந்த முறை காட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து ஏரியைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

காட்டு எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிறுத்தினார்.

"செருப்ப இங்கயே கழட்டி வுட்டுட்டுப் போங்க சார். ஐயனாரு காடு இது."

கழற்றினேன். ஒற்றையடிப் பாதை முழுக்க வேரும் சருகும்தான். நடுக்காட்டில் ஒரு காரைமுள் குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்தது. நான் விடவில்லை. நொண்டிக்கொண்டே போய் ஏரியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

எல்லையைத் தாண்டக் காலைத் தூக்கினேன். அக்கா பதறிவிட்டார்.

"சார், சார்! காட்டுலேந்து ஒரு குச்சிகூட வெளிய போவக் கூடாது."

"நான் எதையும் எடுக்கலையேக்கா."

"கால்ல ஏத்திக்கினு வர்றீங்களே, அது யாருது?"

எல்லைக்கு உள்ளேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த ஊக்கால் முள்ளை எடுத்துப் போட்டேன். பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்விதைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நடந்ததைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. ஆடுகள் வேடிக்கை பார்த்தன.

நெல்லித்தோப்பில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், காலருக்குள் ஒரு காய்ந்த இலை.

நாளை லீவு போட்டுவிட்டு அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். லீவு லெட்டரில் காரணம் என்ன எழுதலாம், சொல்லுங்கள்.