அழாத பிள்ளையைப் பற்றிக் கேட்டாள்

எழுமலைப் பக்கம் தண்ணிக்குப் போர் போட வேண்டும் என்றால் இன்றைக்கும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கூலிக்குக் குழாய் தூக்கியவன் இன்றைக்கு இரண்டு ரிக் வண்டிக்கு முதலாளி. மேலே வரும் மண்ணை விரலில் தேய்த்தே தண்ணி எம்புட்டு ஆழத்தில் என்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், என்ன இப்போ? ஆனால் இங்கே எழுத உட்கார்ந்தது நான் பயந்த கதையை.

மகளுக்குத் திருப்பூரில், மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்திருந்தோம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். பிள்ளை பிறக்கிற வரை அதைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வாரம்தான் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். சுற்றுப்பட்டு ஊர்களில் பிரசவத்தையும் பிள்ளைகளையும் பற்றிய ஆராய்ச்சியாம்.

வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த என் டிரைவர், "அண்ணே, பாத்துப் பேசுங்க. ரேசன் கார்டை வெட்டத்தான் இப்பிடிக் கேட்டுக்கிட்டு வர்றாங்க" என்றான்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஐயா, இது அம்மாகிட்ட தனியாக் கேக்க வேண்டியது."

"அவளுக்கும் சேத்து நான்தான் பேசுவேன் தாயி. முப்பத்தஞ்சு வருசமா அப்பிடித்தான்."

"அவங்களுக்கு எத்தனை பிரசவம்?"

"ரெண்டு. ஒரு பய, ஒரு பிள்ள. ரெண்டும் கல்லு மாதிரி."

"வயித்துலயே தவறின பிள்ளை, பிறந்து அழாத பிள்ளை எதுவும்...?"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கிற வீட்ல வந்து என்ன பேச்சுப் பேசுற? எந்திரி மொதல்ல."

அவள் கோபப்படவில்லை. "எந்தத் தாய்க்கு எதனால சிக்கல் வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான்யா கேக்குறோம். சொல்லாம விட்டா அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லைன்னு ஆயிரும்."

"பிறக்கவே இல்ல" என்றேன்.

மகளுக்கு பிபி மட்டும் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். அதையும் வேண்டாம் என்றேன். நம்பர் எழுதின சீட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் சொன்னது பொய். எங்களுக்கு முதலில் ஒரு பிள்ளை வந்தது. அப்போது நான் கூலிக்காரன். என் மனைவிக்குக் கால் வீங்கியது. நீர்தான், ஆம்பளைப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருநாள் காலையில், "கண்ணுக்குள்ள மின்மினிப் பூச்சி பறக்குது" என்றாள். உச்சிவெயிலில் வலிப்பு வந்தது. முனி அடித்துவிட்டது என்றார்கள். கையில் இரும்பைக் கொடு என்றார்கள். என் ஸ்பேனரைத்தான் அவள் கையில் திணித்தேன். உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிர் மட்டும் மிச்சம். செத்துப் பிறந்ததைப் பற்றிப் பேசினால் அது அடுத்த வயிற்றைத் தேடி வரும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பேசவில்லை. முப்பத்தஞ்சு வருசம், எங்களுக்குள்கூட.

அந்தப் பெண் வந்து போன அஞ்சாம் நாள். காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள் மகள். "கண்ணுக்குள்ள மின்மினி பறக்குற மாதிரி இருக்கு."

தம்ளர் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் கையைப் பார்த்தேன். போன வாரம் கலகலவென்று உருண்ட வளையல்கள் சதைக்குள் பதிந்து கிடந்தன. முந்தின நாள்தான், "அப்பன் வீட்டுச் சோறு, உடம்பு பூசிருச்சு பாரு" என்று நானே கேலி செய்திருந்தேன்.

என் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "வண்டிய எடுங்க."

எத்தனையோ லோடு ஓட்டினவன் நான். அன்றைக்கு உசிலம்பட்டி தாண்டுவதற்குள் ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது. காரின் பின் சீட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் மகள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். வாய் கோணுகிறதா, கண் செருகுகிறதா என்று. செக்கானூரணி வரும்போது என் இடது கை தானாக முன்னால் இருந்த பெட்டியைத் துழாவியது. உள்ளே ஸ்பேனர் இருந்தது. தொட்டதும் நெருப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பிபி பார்த்ததும் அவர் முகம் மாறியது. பிறகு ஃபைலைப் புரட்டினார். "அம்மாவுக்கு முதல் பிரசவத்துல பிரஷர், வலிப்பு ஏதாவது வந்துச்சா? இதுல இல்லைன்னு போட்டிருக்கே."

"எனக்குத் தெரிஞ்சதத்தான் சொன்னேன்" என்றாள் மகள்.

என் மனைவி அட்மிசன் சீட்டு போட வெளியே நின்றிருந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஊரையே கூட்டிப் பேசுகிறவன், மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "வந்துச்சு. பிள்ள தங்கல."

மகள் படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த மாசத்துல? வலிப்பு பிரசவத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வீட்டில் வந்த அந்த ஒரு வலிப்பைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவனுக்கு அது தெரியாது. ஓடிப்போய் என் மனைவியைக் கூட்டி வந்தேன்.

நேற்று நடந்ததுபோலச் சொன்னாள். "எட்டாம் மாசம் தொடங்கி நாலாம் நாளு. முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. பொம்பளப் பிள்ள. தலை நெறைய முடி."

பெண் பிள்ளை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். துணியில் சுற்றிக் கொடுத்ததை விலக்கிப் பார்க்காமலே கொண்டுபோய்ப் புதைத்தவன் நான்.

நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னார். சோப்புப் போட்டும் வரவில்லை. வழக்கத்தைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள், என் மனைவி ஈரத்துண்டைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்துவிட்டாள். வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள். மத்தியானம் ஆபரேசன் என்றார்கள். எந்தச் சாமியையும் கும்பிடத் தோன்றவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

நர்ஸ் வெளியே வந்ததும், என்ன பிள்ளை என்று கேட்கவில்லை. "அழுதுச்சா?" என்றேன்.

"அழுதுச்சுய்யா. பூனைக்குட்டி மாதிரி. பொம்பளப் பிள்ளை."

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், என் உள்ளங்கை அளவு. மகளுக்கு பிபி இறங்க நாலைந்து நாள் ஆனது. அம்புட்டு நாளும் போன் அடித்தால், எடுக்காமல் நேரே வார்டுக்கு ஓடுவேன். பேத்தியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும், மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தபடிதான் இருக்கிறேன்.

பிறகு ஜன்னலில் இருந்த சீட்டை எடுத்து அந்த நம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் வந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு தாயி. அவகிட்டயே கேளு. நான் வெளிய போறேன்."

"போங்க, போங்க. எனக்கும் வாய் இருக்கு" என்றாள் என் மனைவி.

ரிக் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "என்னண்ணே வெளிய நிக்கிறீக? கார்டுல ஒங்க பேரை வெட்டிருச்சா அந்தப் பிள்ள?" என்றான் டிரைவர். உள்ளே என் மனைவி பேசுவது கேட்டது, வார்த்தை விளங்கவில்லை. நடுவில் அழுதாள். நான் உள்ளே போகவில்லை.

அந்தப் பெண் கிளம்பியதும் மனைவி வாசலுக்கு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் கேட்டுச்சு அந்தப் பிள்ள. எங்க புதைச்சீகன்னு மட்டும் கேக்கல. நான் கேக்குறேன்" என்றாள்.

எனக்கு இடம் தெரியும். ஓடைக்கு மேற்கே, கருவேலங்காட்டை ஒட்டி. சுற்றி எத்தனையோ பேருக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காட்டில் மட்டும், யார் கூப்பிட்டாலும் இன்றுவரை போர் போட்டதில்லை.

"வா" என்றேன். அவளுக்கு முன்னால் நடந்தேன்.