சட்டிக்குள் ஓர் அமெரிக்கப் பூ

சாமிக்குப் பூப் பறிக்கப் பழக்கிய பிள்ளையை, பூப் பறித்ததற்காக எப்படி ஏசுவது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் குடியிருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து இரண்டு ரயில் ஏறி, நானும் நாலு வயது மகளும் ஒரு தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்குள் நிற்கிறோம். நாலைந்து வெள்ளைக்காரர் ஒரு சட்டியைச் சுற்றி மூச்சை அடக்கிப் படம் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் சாம்பல் நிறப் புதர்கள் மண்டிய ஒரு சிறிய வறண்ட பிரதேசத்தில் மட்டும் முளைக்கிற பூவாம். எங்கள் ஊரில் இதை ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. இதற்கு ஹீட்டர், விசிறி, போதாக்குறைக்கு ஒரு காவல்காரர். எங்கள் அறையில் ஹீட்டர் பழுதாகி மூன்று கிழமை.

காவல்காரர் யாழ்ப்பாணத்தவர். "ஊரில கணக்கு வாத்தியார், தங்கச்சி. இஞ்ச புல்லுக்குக் காவல்," என்று சிரிக்கிறார். "ஒரு பூதான் பூத்திருக்கு. விதை எடுக்கக் காத்திருக்கினம்."

படம் எடுத்தவர்கள் நகர்கிறார்கள். நான் குனிந்து பார்க்கிறேன். பூ மகளின் கையில்.

"அம்மா, சாமிக்கு!"

காவல்காரர் முகம் வெளிறுகிறது.

"ஐயோ அண்ணை, நான் போய் ஒஃபீசில உண்மையைச் சொல்லுறன்."

"வேண்டாம், கெதியாப் போங்கோ. தானா விழுந்தது எண்டு சொல்லுறன்." பூவை வாங்கிச் சட்டிக்குள் போடுகிறார்.

பொய் சொல்லாதே என்று தினமும் மகளுக்குப் படிப்பிக்கிற நான், அவளை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறேன்.

நான் போய் உண்மையைச் சொன்னால் அவர் பொய் வெளிப்படும். சொல்லாவிட்டால், சரியாகக் காக்கவில்லை என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தலாம். இதை வாசிக்கிறவர்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.