தளபதிக்குப் போகாத ஐஸ்

ஐஸ் ஃபேக்டரிக்காரி என்றால்தான் தெருவில் அவளைத் தெரியும். கடல் கீழ்த்தெருக்களை விழுங்கி, ஆறு வற்றி, மிச்சத் தண்ணீருக்காக ஊர் இரண்டாகப் பிளந்து சுட்டுக்கொண்ட காலத்திலும் அவள் ஃபேக்டரி ஓடியது. ஓடவிட்டார்கள் என்பதே சரி. ஜெனரேட்டருக்கு டீசல் கொடுத்தது இந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருந்த படை. பாதி ஐஸ் பாளங்களை அள்ளிக்கொண்டு போனதும் படைதான்.

போன கோடையில் ஒருநாள் பாதி போதாதென்று முழுவதையும் எடுத்துப் போனார்கள், அதிகாரிகளின் விருந்துக்கு. அன்று மதியம் கம்ப்ரசர் பக்கத்திலேயே அவள் கணவன் வெக்கை தாங்காமல் சுருண்டு விழுந்தான். நெற்றியில் வைக்க ஒரு துண்டு ஐஸ் இல்லை. காலமெல்லாம் ஐஸ் செய்தவன் உடம்பு கொதிக்கக் கொதிக்கச் செத்தான். அதன்பின் அவள் யாரிடமும் தணிந்து பேசியதில்லை.

இந்தக் கோடையில் அந்தப் படையின் தளபதி செத்தார். படையிலிருந்த கொழுந்தன் ஜீப்பில் வந்து இறங்கினான். ஊர்வலம் முடியும்வரை உடல் கெடக்கூடாதாம், ஒரு பாளமும் வெளியே போகக்கூடாதாம், லாரி வருகிறதாம். எதிரே ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தைகள் காய்ச்சலில் வரிசையாகக் கிடந்தன.

"செத்தவனுக்கு வேர்க்காதுடா," என்றாள்.

"மேலிடத்து உத்தரவு அண்ணி. நான் என்ன பண்ண?"

"உங்கண்ணன் செத்தப்பவும் இதையேதான் சொன்ன."

அவன் ஜீப்பில் ஏறி லாரிக்கு வழிகாட்டப் போனான்.

ஜீப் முனை திரும்பியதும் அவள் ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரி ஆயாவைக் கூவி அழைத்தாள். ஸ்ட்ரெச்சர், தள்ளுவண்டி, கழற்றிய கதவு என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் பாளங்கள் போயின. முதலில் வராந்தாவுக்கு, பிறகு வீடுகளுக்கு. முந்தித் தள்ளிய ஒருவனை இரும்புக் கொக்கியைக் காட்டிப் பின்னால் அனுப்பினாள்.

லாரி வந்தபோது தரையில் ஈர மரத்தூள்தான் இருந்தது. கொழுந்தன் முகத்துக்காக அவளைச் சுடாமல் சுவரோடு தள்ளிவிட்டு, கம்ப்ரசரைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். ஒரு முனையை அவனும் பிடித்தான்.

"பாத்துத் தூக்குடா. உங்கண்ணன் கைபட்டது."

தளபதியின் ஊர்வலம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. வராந்தாவில் சில குழந்தைகள் பிழைத்தன; சில பிழைக்கவில்லை. அதற்கப்புறம் ஊரில் ஐஸே கிடையாது. அதற்காக அவளைத் திட்டியவர்களும் உண்டு. அவளும் சளைக்காமல் திருப்பித் திட்டினாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஈரத்துணி பிழிந்து போடுகிறாள். ஒரு மாலை கொழுந்தன் படைக் கிடங்கிலிருந்து சலைன் பாட்டில் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்து வாசலில் நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.