நோன்பு வாயும் கிளாரினெட்டும்

முனாப் கல்முனையில் தபால் கந்தோரில் தந்தி அடிப்பவர். கொழும்பில் வேலை பழகிய காலத்தில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்த, ஐரோப்பியர் வழிவந்த பறங்கி நண்பன், அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது தன் கிளாரினெட்டை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சிற்றலை வானொலியில் வரும் ஜாஸ் நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு, அதில் வாசிப்பவர்களைப் போலவே வாசிக்கப் பழகிக்கொண்டார். ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஜன்னலைப் பூட்டி, கதவிடுக்கில் சாரன் துணியைச் சுருட்டி வைத்துத்தான் வாசிப்பு. பள்ளிவாசலுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர் வேறு எப்படி வாசிப்பது?

எழுபத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளையில் ஜாஸ் பயிற்சி ஒன்று நடக்கப்போவதாகப் பத்திரிகையில் கண்டார். பழைய தோட்டத்துப் பங்களா ஒன்றில் ஒரு வாரம் தங்க வேண்டும். ஆசைக்கு வாசிப்பவர்களும் வரலாம். மனைவி அஸீஸாவிடம் அதைச் சொல்வதற்கு அவருக்குச் சில நாள் எடுத்தது.

"போங்க. போகாட்டி இஞ்ச மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிவீங்க," என்றாள் அவள். "ஆனா நோன்பு மாசம் தொடங்குது, தலை நோன்புக்கு ஊட்டுல நிக்கணும். புள்ளைகள வெச்சிக்கிட்டுத் தனிய விடியச் சாமத்துல எழும்பிச் சஹர்ச் சாப்பாடு செய்ய என்னால ஏலா."

"திங்கக்கிழமதான் தலை நோன்பு. ஞாயித்துக்கிழமை பின்னேரம் கச்சேரி. முடிஞ்ச கையோட கடைசி பஸ்ஸுல வந்திருவன்."

"வாக்கு?"

"ஓம், வாக்கு."

பயிற்சியை நடத்தியவர் ஜான்ஸ் என்ற வயதான பறங்கியர். கொழும்பு ஹோட்டல்களில் வாத்தியக்குழு நடத்தி ஓய்ந்தவர். அவர் முனாபை, கண்டியிலிருந்து வந்த நிமல் என்ற டிரம்ஸ்காரனோடும், ஆலையடிவேம்பில் கூட்டுறவுக் கடை நடத்தும் கதிர்காமனோடும் ஒரே குழுவில் போட்டார். கதிர்காமனுக்குக் கித்தார். இத்தனை மைல் தாண்டி வந்த இடத்தில், பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கிடைத்ததில் முனாபுக்குப் பாதி உயிர் வந்தது.

முதல் நாளே அது போய்விட்டது. தனியாக வாசிக்கும் முறை வந்தபோது முனாப் வானொலியில் கேட்டுப் பாடமாக்கியிருந்த ஒரு நீண்ட வாசிப்பைப் பிசகில்லாமல் அவிழ்த்துவிட்டார். ஜான்ஸ் பாதியில் கையை உயர்த்தினார்.

"நன்றாக இருக்கிறது. யாருடையது?"

முனாப் வாசித்தவரின் பெயரைச் சொன்னார்.

"அதை அவர் வாசித்து முடித்துவிட்டாரே. நீங்கள் என்ன வாசிக்கப் போகிறீர்கள்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். தன் முறை வந்ததும் புதிதாக ஒன்றைத் தொடங்குவார். ஒரு மூச்சு முடிவதற்குள் விரல்கள் பழகிய தடத்தில் ஓடிவிடும். ஜான்ஸ் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முனாப் கதிர்காமனைத் தனியே கூப்பிட்டார்.

"கச்சேரியில எண்ட முறையையும் சேத்து நீயே வாசிச்சிரு, மச்சான்."

"எண்ட முறைக்கே நான் இன்னும் ஒண்டும் பழகல்ல. உண்ட முறையையும் எண்ட தலையில கட்டாத," என்றான் கதிர்காமன்.

சனிக்கிழமை இரவு சமையல்கட்டு வானொலியில் பிறை தென்பட்டுவிட்டதாக அறிவித்தார்கள். நாளைக்கே நோன்பு. முனாப் மேசையில் கையை ஊன்றியபடி நின்றார். கடைசி பஸ் போய்விட்டிருந்தது; உடனே கிளம்பினாலும் சஹருக்கு முன் ஊர் போய்ச் சேர வேறு வாகனம் கிடையாது. ஊருக்கெல்லாம் தந்தி அடிக்கும் மனிதருக்கு வீட்டுக்கு ஒரு வார்த்தை அனுப்ப வழியில்லை, கந்தோர் பூட்டியாகிவிட்டது. அஸீஸா இந்நேரம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

விடியுமுன் எழும்பிப் பாணும் வாழைப்பழமும் தின்று நோன்பு வைத்தார். பயணி நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கியவன் பயணியா? அதுவும் கிளாரினெட் வாசிக்க வந்துவிட்டு அந்தச் சலுகையைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

காலையில் வாத்தியத்தைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. கிளாரினெட்டின் வாயில் நாணல் தகடு ஒன்று உண்டு. அது ஈரமாக இருந்தால்தான் பேசும். வாசிக்கிறவனின் எச்சில்தான் அதற்கு ஈரம். சிறுவயதில் ஓதப்போன இடத்தில் லெப்பை சொன்னது முனாபுக்கு நினைவு வந்தது: தையல்காரன் நூலை எச்சிலில் நனைத்து, அதை மறுபடியும் வாயில் வைத்து, அந்த ஈரத்தை விழுங்கினால் நோன்பு முறியும்.

"அப்ப விழுங்காம வாசி," என்றான் கதிர்காமன்.

"வாசிக்கக்குள்ள வாயெல்லாம் ஊறும். எப்பிடி விழுங்காம இரிக்கிற?"

"அப்ப வாசிக்காத. ஜான்சிட்டச் சொல்லு, அந்தாள் ஒண்டும் நினைக்காது."

அதுதான் சரியான சாட்டு. ஒரு வாரமாகத் தேடிய சாட்டு கையில் வந்து விழுந்திருந்தது. முனாப் ஜான்சின் அறை வாசல்வரை போனார். ஆனால் நோன்பின் பேரைச் சொல்லித் தன் பயத்தை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்து, நாணலைக் குவளைத் தண்ணீரில் ஊறப் போட்டார்.

பின்னேரம் மண்டபம் நிறைந்தது. முனாப் மேடை ஏறி நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் அப்துல் கபூர் ஹாஜியார் இருந்தார். கல்முனையில் முனாப் தொழும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். பண்டாரவளையில் அவருக்குத் துணிக்கடை உண்டு. மேடைச் சீலையைக் கொடுத்த மரியாதைக்கு அழைத்திருக்கிறார்கள். ஹாஜியாரின் பார்வை கிளாரினெட்டில் நின்று, மெல்ல முனாபின் முகத்துக்கு ஏறியது.

நிமல் தொடங்கினான். கதிர்காமன் ஒருவாறு தன் முறையை முடித்தான். முனாபின் முறை. முதல் சுரம் கீச்சிட்டது. பின்னால் யாரோ கனைத்தார்கள். மறுபடி ஊதினார். சின்னதாய் ஒன்று வாசிப்பதற்குள் வாய் ஊறிவிட்டது. கிளாரினெட்டை இறக்கி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்து அதில் துப்பி, நாணலையும் துடைத்தார். நிமல் தாளம் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். மீண்டும் ஒரு சின்ன வாசிப்பு. மீண்டும் லேஞ்சி. வானொலிக்காரரின் நீண்ட ஓட்டங்களுக்கு இங்கே இடமே இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சுரம்தான் கிடைக்கும். எந்த இரண்டு மூன்று என்று அவரே தீர்மானிக்க வேண்டும். துடைக்கும் இடைவெளியில் கதிர்காமன் மெதுவாக ஒரு பதில் வாசித்தான். முனாப் அதற்கொரு பதில் சொன்னார். நாக்கைப் பல்லோடு அழுத்தியபடி, தொண்டை அசையாமல், இறுதிச் சுரத்தை நாணல் உலரும்வரை பிடித்தார்.

கைதட்டல் பெரிதாக ஒன்றுமில்லை. ஜான்ஸ் மட்டும் இந்த முறை யாருடையது என்று கேட்கவில்லை.

ஹாஜியார் வாசலில் காத்து நின்றார். "தம்பி, நோன்பா?"

"ஓம், ஹாஜியார்."

"அதுக்குத்தான் லேஞ்சியா?" ஹாஜியார் தெருப்பக்கம் கையைக் காட்டினார். "கடைக்கி வாங்க, கஞ்சி இரிக்கி. நோன்பு துறந்துபோட்டு எண்ட வேன்ல ஊருக்குப் போவம். ஆனா ஒண்டு, ஊருல கேட்டா நான் மறைக்க மாட்டன்."

அவர் மறைக்கவில்லை. இரண்டாம் நோன்பன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் மரைக்கார்கள் முனாபை நிறுத்தி விசாரித்தார்கள். ஒருவர், "நோன்பு வாயால குழல் ஊதின ஆளுக்குப் பள்ளியில என்ன வேலை?" என்று சத்தம் போட்டார். கபூர் ஹாஜியார்தான் குறுக்கிட்டு, "ஊதினத நான் பாத்த. விழுங்கினத நான் பாக்கல்ல. பாத்தத மட்டும் கதைப்பம்," என்றார். நோன்பு மாதம் முடியும்வரை கிளாரினெட்டைத் தொடுவதில்லை என்று முனாப் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்ன என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அஸீஸாவிடம் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியவில்லை. சில நாள் கஞ்சியைப் பிள்ளைகள் கையில்தான் கொடுத்தனுப்பினாள். ஒருநாள் தானே கஞ்சிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒரு மொடறும் விழுங்கல்லயா?"

"இல்ல."

"வாக்க முறிச்ச ஆள் நோன்ப முறிக்கல்லயாக்கும்," என்றாள். சொல்லும்போது வாயோரம் கொஞ்சம் சிரிப்பு இருந்ததாக முனாபுக்குப் பட்டது. உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்த இரண்டு வருடமும் பயிற்சி நோன்பு மாதத்தில் வந்ததால் அவர் போகவில்லை. எண்பத்தொன்றிலும் எண்பத்திரண்டிலும் கதிர்காமனோடு சேர்ந்து போனார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பங்களாவில் பயிற்சி நடக்கவில்லை. மலைப்பாதையில் போகக் கதிர்காமனும் துணியவில்லை. பாதை அமைதியாக இருந்த போயா விடுமுறை நாட்களில் முனாப் கிளாரினெட் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆலையடிவேம்புக்குப் போய்வருவார். அங்கே கதிர்காமன் வீட்டில் ஜன்னல்கள் திறந்தே இருந்தன.