கைடின் கையெழுத்துக்காக ராஜபாளையம் வரை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும், எங்கே பஸ் ஏற வேண்டும் என்று நாலைந்து பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்துப் பருத்திக் காடுகளில் மண் எடுக்க எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனாலும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு பயணம்தான். விளங்காத பயணம் அது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் கோவில் கோபுரம் வராது.

தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாதம். மதுரையில் தாவரவியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். பருத்திச் செடியை வாட வைத்துக் கொல்லும் ஒரு பூஞ்சையோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியிருந்தேன். உதவித்தொகை ஜூலையோடு முடிகிறது. அந்த நேரம் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் இளம் ஆய்வாளர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி அறிவித்திருந்தது. எட்டே இடம். நன்றாகச் செய்தால் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. அது கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான். சுற்றறிக்கையோ எங்கள் துறை அலுவலகத்தில் பத்து நாள் தூங்கிவிட்டு, கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் என் கைக்கு வந்தது. மறுநாள் தேதியிட்ட தபால் முத்திரையோடு விண்ணப்பம் போக வேண்டும், கூடவே ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடின் பரிந்துரைக் கடிதமும். கைடு விடுமுறைக்குச் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார்.

காலை 7.10-க்குப் பழங்காநத்தத்தில் பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஒன்பது ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் தாளிக்கும். திருமங்கலம், கல்லுப்பட்டி தாண்டி 9.20-க்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பையில் துறையின் பெயர் அச்சிட்ட தாள் இரண்டு, கசங்காமல் ஒரு அட்டைக்கு நடுவே வைத்திருந்தேன்.

கைடின் மனைவி கதவைத் திறந்தார். "அவிய ராஜபாளையத்துல ஒரு கல்யாணத்துக்குல்லா போயிருக்காவ. செத்த உக்காரும்மா, மோர் தாரேன்." மோரை நின்றபடியே குடித்துவிட்டு மண்டபத்தின் பெயரை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ராஜபாளையத்துக்குப் பதினொரு கிலோமீட்டர்தான். ஒன்றரை ரூபாய், அரை மணி நேரம்.

மண்டப வாசலில் ஒரு பெரியவர் கை கூப்பி, "ரண்டி ரண்டி, மொதல்ல பந்தில உக்காருங்க" என்று தெலுங்கும் தமிழுமாக வரவேற்றார். நான் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று அவருக்கும் தெரியாது. கைடு முன்வரிசையில் பட்டுச் சட்டையும் சந்தனமுமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல சான்ஸ்மா, விடாத" என்றார். "நீயே எழுதி டைப் அடிச்சுக் கொண்டா. நான் கையெழுத்துப் போடுதேன்."

எங்கள் துறையில் அதுதான் வழக்கம். நம்மைப் பற்றி நாமே எழுத வேண்டும், கைடு கையெழுத்துப் போடுவார். எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள். என் விஷயத்தில் மட்டும் அவரே எழுதுவார் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. எதற்கு இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பன்னிரண்டு மணி. பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஆறு வருடத்தில் நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுந்தரபாண்டியத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த இன்னொரு பூஞ்சை, வாடல் பூஞ்சையை வளர விடாமல் அமுக்கியது. அதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பார்த்தது. அதை எழுதப் பேனாவை வைத்தால் கை கூசியது. என் வாயாலே நான் கெட்டிக்காரி என்று எப்படிச் சொல்வது? சார் படித்தால் 'இவளுக்கு எம்புட்டு கொழுப்பு' என்று நினைக்க மாட்டாரா? கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: நேரம் தவறாதவர், சொன்ன வேலையைச் செய்பவர், ஆய்வகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்பவர், நடத்தை திருப்திகரமானது.

டைப் அடித்த பெண் என்னைவிட இளையவள். பட்டென்று நிறுத்தினாள். "ஏக்கா, இம்புட்டுதானா? எங்ககிட்ட டைப்பிங் லோயர் பரீட்ச பாஸ் பண்ண பிள்ளைகளுக்கே இதவிட நல்லா எழுதிக் குடுப்போமே."

"போதும்மா, அடி."

"எனக்கென்ன, அடிக்கேன். ஆனா ஆய்வகத்தச் சுத்தமா வச்சிருந்தாவன்னா, கூட்டிப் பெருக்குற வேலைக்கா போறிய?"

சிரித்து மழுப்பினேன். அவள் கார்பன் வைத்து அடித்துத் தந்தாள். நாலு ரூபாய்.

1.20-க்கு மண்டபம் திரும்பினேன். கைடு பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார். தாளை வாங்கியவர் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி கார்ல கெடக்கு. செத்த இரும்மா, எடுத்துட்டு வரச் சொல்லுதேன். ஒரு தடவ படிச்சுப் பாத்துருதேன்."

"வேண்டாம் சார். போஸ்ட் ஆபீஸ்ல பதிவுத் தபாலுக்கு நேரமாச்சு. வழக்கமா எழுதுறதுதான்" என்றேன்.

பாவி, அந்த வாயைத் தைத்திருக்கலாம். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். 2.05-க்கு விண்ணப்பம் தபாலில் சேர்ந்தது. திரும்பும் வழியில் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் மணி நேரம் நின்றது. கால் கிலோ பால்கோவா வாங்கினேன், வேலையை முடித்துவிட்டதாக அவ்வளவு நிம்மதி.

ஜூன் கடைசியில் பதில் வந்தது. எனக்கு இடமில்லை. எங்கள் துறையிலேயே என்னைவிட இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவனுக்குக் கிடைத்தது. அவனும் தன் கடிதத்தைத் தானேதான் எழுதினான், கூச்சப்படாமல் எழுதினான். அவனிடம் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய்.

கைடு நம்பாமல் கடித நகலைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, இது யாரப் பத்தி எழுதுனது?" என்றார். பிறகு மெதுவாக, "நான் எழுதிருந்தா உன்னப் பத்தி ஒரு பக்கத்துக்கு எழுதிருப்பேனே" என்றார்.

பின்னே ஏன் சார் எழுதவில்லை என்று தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த ஆகஸ்டில் திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வு பெற்றேன்.

போகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். மே மாதம் தவிருங்கள், காற்றே அனலாக அடிக்கும். காலையில் கிளம்பினால் இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்க்கலாம். பால்கோவாவை அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கைடு கல்யாண வீட்டில் இருந்தாலும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அவர் மனதில் நீங்கள் யார் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருப்பார் என்று, அவர் இருந்த வரைக்கும் நான் கேட்கவேயில்லை.