லாரி வரும் என்பதற்கு மூன்று ஆங்கில வார்த்தைகள்

அம்பத்தூரில் எங்கள் ஃபிளாட் செக்ரட்டரி, தண்ணீர் லாரி வருவதை வாட்ஸ்அப் குரூப்பில் ஆங்கிலத்தில்தான் அறிவிப்பார்.

அவர் மாற்றி மாற்றிப் போடும் மூன்று வார்த்தைகளுக்கும் அகராதியைக் கேட்டால் எதிர்பார்ப்பு என்றுதான் சொல்லும். வித்தியாசம் எங்களுக்குத்தான் தெரியும்.

'எக்ஸ்பெக்டட்' என்றால் மத்தியானம். 'ஆன்டிசிபேட்டட்' என்றால் சாயங்காலம். 'அவெய்ட்டட்' என்றால் டிரைவர் போனையே எடுக்கவில்லை.

இன்று, "காலை எட்டுக்கு லாரி ஆன்டிசிபேட்டட்" என்று போட்டார். சாயங்காலம்தானே என்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தேன்.

எட்டு மணிக்குக் கீழே ஹாரன் அடித்தது. எதிர் ஃபிளாட் லாரியாக இருக்கும் என்று சம்ப் தொட்டியின் மூடியைத் திறக்க ஒருவரும் இறங்கவில்லை.

சந்தேகம் வந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் லாரி. எதிர் ஃபிளாட்டில் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஓடினேன். டிரைவர் சிரித்தார். "எவ்ளோ நேரம் சார் ஹாரன் அடிக்கிறது? ஒர்த்தரும் வரல. அதான் இங்க ஊத்திக்கினு கீறேன்."

பாதி ஷேவிங் நுரையோடு செக்ரட்டரியும் வந்து நின்றார். "எட்டுன்னு நீங்கதானே சார் போட்டீங்க?" என்றேன்.

"போட்டேன். நானே நம்பல சார்."

இப்போது குரூப்பில் புது மெசேஜ்: "அடுத்த லோடு அவெய்ட்டட்."

தலையில் எண்ணெய் வழிகிறது. பக்கத்து ஏரியா பாடியில் இருக்கும் நண்பர்களே, யார் வீட்டிலாவது ஒரு பக்கெட் வெந்நீர் எக்ஸ்பெக்ட் பண்ணலாமா?