என்றாவது கதவு திறக்கும்

பெங்களூரில் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் மேலே, கீழே என்று இரண்டு பொத்தான்களையும் அழுத்திவிடுகிறார்கள். எது முதலில் வந்தாலும் ஏறிக்கொள்ளலாமாம். நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரே லிஃப்ட் ஜவுளிக்கடையில் இருந்தது. உள்ளே ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பட்டுச்சேலை என்று சொன்னால் போதும், அந்த மாடியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பொத்தானை நாம் தொட்டால் முறைப்பார். அந்த ஒழுங்கில் வளர்ந்தவளுக்கு இந்த ஊர்க்காரர்களின் அவசரத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

வேடிக்கை என்னவென்றால், நான் பிழைக்க வந்ததே லிஃப்டுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனிக்குத்தான், தொம்மலூரில். நிரல் எழுதும் முன்பே லிஃப்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கணக்கு மொழியில் எழுதுவேன். அதற்கு ஸ்பெக் என்று பெயர். மாடல் செக்கர் என்ற கருவி அதை வாங்கி, நடக்கக்கூடிய எல்லா வழிகளிலும் நடந்து பார்த்து, எங்கே இடறும் என்று சொல்லும். இந்த வேலைமேல் எனக்குக் கொள்ளை ஆசை. மேனேஜருக்கோ நம்பிக்கையில்லை. வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியாக ஒரு தப்பைக் கண்டுபிடித்துக் காட்டு, இல்லையென்றால் பழையபடி டெஸ்டிங்குக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை கருவி சொன்னது: தப்பு எதுவும் இல்லை. லிஃப்ட் நன்றாக இருக்கிறதே என்று கண்கலங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்து இருக்கை ரீனா கோலார் தங்கவயல்காரி. தினமும் ரயிலில் வந்துபோகிறவள். என் ஸ்பெக்கை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாபா, கதவு திறந்துனு ஓடக் கூடாது, நடுவுல நிக்கக் கூடாது, எல்லாம் கூடாது கூடாதுன்னே எழுதிகிற? அமுத்தினவங்களுக்கு லிஃப்ட் வரும்னு எங்க எழுதின?"

எழுதவில்லைதான்.

"ஒருத்தர் ஒரு பட்டன்தான் அமுத்துவாங்கன்னு வேற போட்டுகிற. எந்த ஊர்லபா?"

ஜனங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனோ, அப்படியே இருப்பார்கள் என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். அந்த வரியை அடித்தேன். அழுத்தியவருக்கு என்றாவது கதவு திறக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். காபி ஆறுவதற்குள் கருவி பிடித்துவிட்டது. இரண்டு பொத்தானும் அழுத்தியிருந்தால், மேலே போகிற லிஃப்ட் வந்து கதவு திறந்ததும் இரண்டு பொத்தானின் விளக்கையும் அணைத்துவிடுகிறது. கீழே போக வேண்டியவர் நின்றுகொண்டே இருக்கிறார்.

மேனேஜர் சிரித்தார். "யாரு எரடூ ஒத்தாரெ?" இரண்டையும் யார் அழுத்துவார்கள் என்கிறார். ரீனா கண்ணாடிக் கதவைத் தள்ளிக் காட்டினாள். வெளியே லிஃப்ட் முன்னால் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. நின்றிருந்தவர் ஒருவர்தான்.

"கன்டினியூ மாடி" என்றார் மேனேஜர். இதையே தொடர்ந்து செய் என்கிறார். ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். அப்படியொரு சந்தோஷம்.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் செய்தேன். வேலை நிலைத்துவிட்டது என்றதும் மகிழ்ந்துபோனாள்.

"நல்லது மக்ளே. அப்போ ஊருக்கு எப்ப வருவ?"

"கண்டிப்பா ஒரு நாள் வருவேம்மா."

என் கருவிக்கு இந்தப் பதில் போதும். என்றாவது என்றால் ஆயிரம் வருஷம் கழித்து வந்தாலும் சரி என்று விட்டுவிடும்.

"ஒரு நாள்னா என்னைக்கு? தேதியச் சொல்லு."

அங்கேயே உட்கார்ந்து டிக்கெட் எடுத்தேன். அடுத்த வாரம் ரயிலுக்குக் கிளம்பும்போது ரீனாவிடம் "வர்றேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். இருவரும் ஒன்றையே கேட்டார்கள்.

"எப்போ?"